பெரியமடுவில் பனிச்சறுக்கு

பனி என்னும் சொல் எம்மூரில் மிகச் சிறிய பொருளையே உடையது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வயல் வரம்பில் நடப்பவனின் கால்களை நனைக்கும் ஈரமே எமக்குப் பனி. “பனிக்குள்ளை நிக்காதை, தடிமன் வரும்” என்று தாய்மார் பிள்ளைகளை அதட்டுவதும் அதனைக் குறித்தே. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டினை முன்பனி, பின்பனி எனப் பனிக்கே ஒதுக்கி வைத்தனர். அதுவும் இரவில் புல்நுனியில் தங்கி, ஞாயிறு எழுந்ததும் மறைந்துபோகும் பனியே. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி, கூரைகளை மூடி, வீதிகளை அடைத்து, வாரக் கணக்கில் நிலத்திற் கிடக்கும் பொருளுக்கும் நாம் அதே சொல்லைத்தான் வழங்குகின்றோம். கணிதம் கற்பிக்கும் எமக்கு இது சற்று நெருடலாகவே படுகின்றது. இரு வேறு கணியங்களுக்கு ஒரே குறியீட்டை இட்டால் எந்த மாணவனும் வழி தவறுவான் அல்லனோ?

நுவரெலியாவில் சில தை மாத விடியல்களிற் புற்றரை மீது உறைபனி படிவதுண்டு. இத்தீவின் பனி அவ்வளவோடு சரி. மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில், வயல்களும் வரண்ட காடும் சூழக் கிடக்கும் பெரியமடுவிற்கு அதன் சாயல்கூட எட்டியதில்லை. ஆயினும் எம்மூரிற் பனிச்சறுக்கு நடந்தது. 2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த பகற்பொழுதுகளில், எமது வீட்டு விறாந்தையில் நடந்தது.

எம் தமையனார் 1996இல் நாட்டை விட்டுப் புறப்பட்டவர். கனடாவில் ரொறன்ரோ நகரிற் குடியேறி, மணம் செய்து, பிள்ளை பெற்று, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே முதன்முறையாக ஊர் திரும்பினார். உடன் மனைவியும் பன்னிரண்டு வயது மகனும் வந்தனர். வெளிநாட்டிலிருந்து வருவோரின் பெட்டிகளில் வழக்கமாக இருக்கும் சவர்க்காரம், சொக்கிலேற்று, தைலப் போத்தல்கள் ஆகியவற்றுக்கு அடியில், பழைய துவாய் ஒன்றினாற் சுற்றப்பட்டு, கருஞ்சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. யப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1996இல் வெளியிட்ட ‘நிண்டெண்டோ 64’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவி அது. மூன்று பிடிகளையுடைய கைக்கருவி இரண்டு; தொலைக்காட்சியில் இணைக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகள்; உள்ளங்கை அளவான தடித்த பொதி ஒன்று. அப்பொதியை எம் வீட்டார் ‘கசற்’ என்றே அழைக்கத் தொடங்கினர். அதன் முகப்பில் ‘1080°’ என எழுதியிருந்தது.

கருவியை உயிர்ப்பிப்பது எளிதாக இருக்கவில்லை. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, எமது 230. நேரே செருகினாற் கருகிவிடும். மன்னார் நகரில் வானொலி திருத்துபவர் ஒருவரிடம் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ‘ரான்ஸ்போமர்’ பெட்டி ஒன்றை வாங்கினோம். கருவியிலும் அது கனமாக இருந்தது. அடுத்து, வட அமெரிக்காவின் தொலைக்காட்சி முறையும் எமது முறையும் வேறு வேறு ஆதலின், எம் வீட்டுப் பெட்டியிற் படம் கறுப்பு வெள்ளையாகவே விழுந்தது. “பனிதானே, இது காணும்” என்றார் தமையனார். பிள்ளைகள் ஒப்பவில்லை. அயல்வீட்டிலிருந்து இரு முறைகளையும் ஏற்கும் பெட்டியொன்று இரவலாக வந்து சேர்ந்த பிறகே வானம் நீலமாயிற்று.

1080 என்னும் எண்ணைக் கண்டதும் எமக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஒரு முழுச் சுற்று 360 பாகை. மும்முறை சுழன்றால் 1080. பனிமலைச் சரிவில் ஒற்றைப் பலகை மீது நின்று விரைந்து வருபவன், மேட்டிலிருந்து எகிறி, நிலந்தொடுமுன் மூன்று முறை சுழன்று இறங்கும் வித்தையே விளையாட்டின் பெயராயிற்று. அவ்வாண்டு எமது வகுப்பில் 1080 பாகையின் சைன் பெறுமானம் யாதெனக் கேட்டபோது, மாணவர் ஒருவரும் தவறவில்லை. பெரியமடுப் பிள்ளைகள் அவ்விடையை முன்னரே பரப்பிவிட்டிருந்தனர்.

பனிப்பலகைச் சறுக்கு பழமையான விளையாட்டன்று. 1965ஆம் ஆண்டு நத்தார்த் திருநாளன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் பெண்பிள்ளையின் விளையாட்டுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை அருகருகே பிணைத்துக் கொடுத்தார். அதன் மேல் நின்று சறுக்கினாள் பிள்ளை. பிடித்துக்கொள்ளப் பிற்பாடு முனையிற் கயிறு ஒன்றும் கட்டப்பட்டது. வீட்டு முற்றத்திற் பிறந்த இவ்விளையாட்டு முப்பத்து மூன்று ஆண்டுகளுள் ஒலிம்பிக் அரங்கேறியது. 1998 பெப்ரவரியில் யப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலேயே அது முதன்முதல் இடம்பெற்றது. அதே மாத இறுதியில், கியோத்தோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிண்டெண்டோ இந்த விளையாட்டினை யப்பானில் வெளியிட்டது. 1889இற் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. ஷிகெரு மியமோட்டோ தயாரிப்பை மேற்பார்த்தார். நிரலை எழுதியோருள் முதன்மையானவர்கள் ஜைல்ஸ் கொடார்ட், கொலின் றீட் என்னும் ஆங்கிலேயர் இருவர்.

இவ்விளையாட்டிற் செவிக்கு உணவு உண்டு. புதிதாய் விழுந்த பனிமீது பலகை செல்லும்போது ஓர் ஒலி. இறுகிக் கட்டியான பனிமீது செல்லும்போது வேறோர் ஒலி. கண்ணை மூடிக்கொண்டே நிலத்தின் தன்மையைக் கூறிவிடலாம். எகிறுவது எவர்க்கும் இயலும், இறங்குவதே வித்தை. பலகை சரிவின் திசைக்கு நேராக இல்லாவிடில் வீரன் உருண்டு புரள்வான். அடிபடுந்தோறும் ஓர் அளவுகோல் ஏறிக்கொண்டே போகும். அது நிறைந்தால் ஓட்டம் முடிந்தது.

தமையனாரின் மகனுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. எம் மகனுக்கு அப்பொழுது வயது பத்து. அவனுக்கு ஆங்கிலம் பாடநூலில் வரும், வாயில் வராது. முதல் இரண்டு நாள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி. உடன்பிறந்தார் மக்கள் ஊமைகள்போல் ஒரே பாயில் அமர்ந்திருந்ததைக் கண்டு எம் இல்லாள் எம்மிடம் தனியே வருந்தினாள். எமக்கும் அது சிறிய காரியமாகத் தோன்றவில்லை. இந்தத் தலைமுறையில் அறுந்தால் அடுத்த தலைமுறையில் ஒருவரை ஒருவர் தேடுவதற்குப் பெயர்கூட எஞ்சாது. மூன்றாம் நாள் படத்திற்கு நிறம் வந்தது. திரையை மேலும் கீழுமாய் இரண்டாகப் பிரித்து இருவரும் ஓடத் தொடங்கினர். “அண்ணா, மரம்! மரம்!” என்று எம் மகன் கூவ, “தம்பி, ஜம்ப் பண்ணு” என்று அவன் கூவ, பிறகு வீட்டில் அமைதி என்பதே இல்லாமற் போயிற்று. அயற்பிள்ளைகள் எண்மர், பதின்மர் சட்டையின்றி வியர்வையோடு விறாந்தையில் நெருங்கி இருந்து, கண்ணாற் கண்டறியாத பனியில் யார் முந்துவது என வழக்காடினர்.

ஒரு நாட் பிற்பகல் மின்வெட்டு. பிள்ளைகள் குளக்கட்டுக்குப் போனார்கள். நாமும் பின்னே சென்றோம். ஆவணியிற் குளத்து நீர் வற்றி, கட்டின் புல் காய்ந்து வழுவழுப்பாகக் கிடக்கும். தென்னோலையின் அகன்ற அடிமட்டையில், அல்லது வெறும் யூரியா உரப்பையிற் குந்தி, மேலிருந்து கீழே சறுக்குவது எம்மூர்ப் பிள்ளைகளின் நெடுங்கால வழக்கம். நாமும் தமையனாரும் அக்காலத்திற் கிழித்த காற்சட்டைகள் பல. கனடாப் பிள்ளை மட்டையைக் கண்டதும், பலகை மீது நிற்பதுபோற் பக்கவாட்டில் நிமிர்ந்து நின்றான். இரண்டு முழத் தூரம் போயிருப்பான். மட்டை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். புழுதிக்குள்ளிருந்து எழுந்தவனின் முழங்கையில் இரத்தம் கசிந்தது. எல்லோரும் சிரிக்க, எம் மகன் மட்டும் கீழே ஓடிச் சென்று, “அண்ணா, இது நிண்டு ஓடுறதில்லை, குந்தி ஓடுறது” என்றான். அவன் சற்று விழித்துவிட்டு, “ஓ, ஸெட்!” என்றான். கைக்கருவியின் அடிப்புறத்தில் உள்ள ‘ஸெட்’ விசையை அழுத்தினாற் திரையில் உள்ளவன் முழங்காலை மடித்துத் தாழ்வான். அன்று முதற் குளக்கட்டில் ‘ஸெட் அடி’ என்றால் குந்து என்று பொருள். அவ்விடுமுறையிற் பிறந்த அச்சொல்லைப் பிற்காலத்தில், அந்தக் கருவியைக் கண்டே இராத சிறுவர்கள் சொல்லவும் கேட்டிருக்கின்றோம்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. கல்லூரிக்கு வரும் பெற்றோர், இத்தகைய விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுத்துவிடாவோ என எம்மை வினவுவதுண்டு. விளையாட்டு என்ற ஒரே பெயரால் யாவற்றையும் ஒன்றாகக் கட்டுவது நீதியன்று. இந்த விளையாட்டின் ஓர் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு முறை விலை கொடுத்தால் மறுமுறை கேட்பதில்லை. அருகில் இன்னொருவன் இருந்தால் இனிக்கும். இன்று கைப்பேசிகளில் வரும் பலவற்றுக்கோ முடிவே இல்லை. நள்ளிரவிலும் மணியடித்து அழைக்கின்றன. இடையிடையே பணமும் கேட்கின்றன. முன்னதைப் பிள்ளை விளையாடுகின்றான். பின்னது பிள்ளையை விளையாடுகின்றது என்பதே எமது துணிபு. எம் இல்லாளுக்கு இந்தப் பாகுபாடு ஏற்புடையதன்று. மின்கட்டணப் பட்டியல் இரண்டுக்கும் ஒன்றே என்பது அவள் கட்சி.

எம் அன்னையார் அப்பொழுது எழுபதைக் கடந்தவர். முதலில் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. வெற்றிலை இடித்தபடி பிள்ளைகளின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மாலை, பொற்காடு என்று பொருள்படும் பெயருடைய பாதையிற் பேரப்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கையில், உரலை ஒதுக்கி வைத்துவிட்டுத் தமையனாரை நோக்கி, “மோனை, இதுக்குள்ளையோ நீ இருக்கிறாய்?” என்று வினவினார்.

தமையனார் சிரித்துவிட்டு, “இப்பிடி வடிவாய் இராதம்மா” என்றார். பின் சற்று நேரம் திரையையே பார்த்திருந்தார். பிறகு அவர் கூறியவற்றை அதற்கு முன் எம்மில் எவரும் அறிந்ததில்லை.

அவரிடமிருந்து வந்த கடிதங்கள் யாவும் ஒரே வகையின. நான் சுகம், உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன், பணம் அனுப்பியுள்ளேன். போர்க்காலத்தில் அவையும் மாதக் கணக்கிற் பிந்தியே வந்து சேரும். சேராமற் போனவையும் உண்டு. பிற்காலத்திற் தொலைபேசி வந்தபோதும் பேச்சு அந்த மூன்று வரிகளைத் தாண்டவில்லை. இப்பொழுதோ, கையில் ஒரு விளையாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுபோல் அவர் சொல்லத் தொடங்கினார்.

அந்தக் கருவி பிள்ளைக்காக வாங்கியதன்று. 1998ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆறு இளைஞர்கள் பங்கு போட்டு வாங்கியது. அவர்கள் யாவரும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து சென்றவர்கள். ஒரு வீட்டின் நிலவறையில், அவர்கள் சொல்லும் ‘பேஸ்மென்ற்’றில், வாடகைக்கு இருந்தார்கள். அறையின் ஒரே சாளரம் வெளித் தரை மட்டத்தில் இருக்கும். பனி பெய்தால் அது மூடிவிடும்; பகலும் இரவாகும். இரவிற் தொழிற்சாலை வேலை. காலையிற் சிலர் கடை வாசல்களில் மண்வெட்டி போன்ற அகன்ற தட்டினாற் பனி அள்ளுவர். அதற்கு மணிக்கணக்கிற் கூலி. திரும்பி வந்தால் விரல்கள் மரத்திருக்கும். அக்குளிரிலிருந்து வந்து இருவர் விளையாட, நால்வர் முறைக்குக் காத்திருப்பர்.

“வெளியிலை பனியை அள்ளிப்போட்டு வந்து, உள்ளுக்கை பனியிலை சறுக்குவம்” என்றார் தமையனார். “அந்த ஊரிலை அள்ளத் தேவையில்லாத பனி அது ஒண்டுதான்.”

1999 சனவரி மாதத்தின் முதல் இரு வாரங்களில் ரொறன்ரோவிற் பனிப்புயல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மொத்தம் ஒரு மீற்றருக்கும் மேலாகப் பனி வீழ்ந்தது. பேருந்துகள் நின்றன. நகரபிதாவாகிய மெல் லாஸ்ட்மன், பனியை அகற்றத் துணைபுரியுமாறு இராணுவத்தை அழைத்தார். அழைப்பை ஏற்றுப் படையினர் வந்தனர். இச்செய்தி அந்த நிலவறைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைத் தமையனாரின் வாயாற் கேட்டல் வேண்டும்.

“வேலையாலை வந்த ஒருத்தன் படியிலை நிண்டுகொண்டு, றோட்டிலை ஆமி நிக்குது எண்டான். ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் ரீவியை நிப்பாட்டிப்போட்டு அடையாள அட்டையைத் தேடினன். மற்றவன் சப்பாத்தைப் போட்டான். ஒருத்தன் லைற்றை நூத்திட்டான். பிறகுதான் மற்றவன் சொல்லுறான், பனி அள்ள வந்திருக்கு எண்டு.”

கேட்டிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். கனடாப் பிள்ளையும் சிரித்தான். ஆயினும் எதற்காக அடையாள அட்டை என்று தகப்பனைப் பார்த்துக் கேட்டான். தமையனார் அவனுக்கு ஆங்கிலத்தில் நெடுநேரம் ஏதோ கூறினார். கைக்கருவி பாயிற் கிடந்தது. அதே 1999இன் மார்ச் மாதத்தில் எமது பக்கத்தில் இராணுவம் மடுப்பகுதிக்கு முன்னேறியதையும், நாம் மூட்டை கட்டி வடக்கு நோக்கி நடந்ததையும் அவர் அறிந்திருந்தார். கடிதம் மூலம் அன்று, வானொலி மூலம். எமக்கு எதுவும் நேரவில்லை என்பதை அறிய அவருக்கு நான்கு மாதங்கள் சென்றன. அந்த நான்கு மாதங்களிலும் அவர்கள் விளையாட்டை நிறுத்தவில்லை. “இல்லாட்டிப் பைத்தியம் பிடிச்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

அவ்வாண்டின் முடிவில், விடியற்காலையிற் பேருந்துத் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து அவரது இடக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் வேலையில்லை. உடனிருந்த ஐவரும் வாடகையிலே அவர் பங்கினைத் தம்முள் பகிர்ந்து கட்டினர். ஊருக்கு அனுப்பும் பணம் அம்மாதங்களிலும் குறையவில்லை. எங்கிருந்து வந்தது என்பதை அவர் அன்றும் சொல்லவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். எலும்பு சற்றுப் புடைத்திருந்தது. பத்து நாட்களாக அவரோடு ஒரே கிணற்றில் நீராடியும் நாம் அதனைக் கவனித்ததில்லை. அன்னையார் கவனித்திருக்கின்றார், கேட்கத்தான் இல்லை.

“அப்ப ஏன் எழுதேல்லை?” என்றார் அன்னையார்.

“எழுதினா, திரும்பி வா எண்டு எழுதுவியள்.”

அன்னையார் மறுமொழி கூறவில்லை. அந்தக் கையைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். திரையில் விளையாட்டு வீரன் பனிமீது ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். சிறிது நேரங் கழித்து, தரை ஏன் அவ்வளவு வழுக்குகின்றது என்று எம்மைப் பார்த்துக் கேட்டார். பனிக்கட்டியின் மேற்பரப்பில் மிக மெல்லிய, நீர் போன்ற படலம் ஒன்று உண்டு. பலகையோ பாதமோ உரசும்போது எழும் வெப்பமும் அதற்குத் துணையாகும். பலகையை ஓட வைப்பதும் மனிதனை வீழ்த்துவதும் அந்த ஒரே படலந்தான் என்று விளக்கினோம். அதனால்தான் வீதிகளில் உப்பினைத் தூவுகின்றார்கள். உப்புக் கலந்த நீர் பூச்சியப் பாகையில் உறையாது, மேலும் குளிர்ந்தாலே உறையும் என்றும் கூறினோம்.

“உப்போ? கருவாட்டுக்குப் போடுற உப்போ?”

“ஓம் அம்மா. லொறி லொறியாக் கொட்டுவாங்கள்.”

“அப்ப போகேக்கை மன்னார் உப்பளத்திலையிருந்து ஒரு மூட்டை கொண்டுபோ.”

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே தமையனாரின் பயணப் பெட்டியில், ஒடியல் மாவுக்கும் பனங்கட்டிக்கும் இடையில், ஒரு சிறு பொட்டலம் உப்பு அனுப்பப்பட்டது. வானூர்தி நிலையத்தில் எவரும் அதனைப் பற்றிக் கேட்கவில்லை என அறிந்தோம்.

கருவி எம் வீட்டிலேயே தங்கிவிட்டது. தமையனார் போன மறு ஆண்டு ஒரு சிறுவன் ‘ரான்ஸ்போம’ரை விட்டுவிட்டு நேரே சுவரிற் செருகியதில் அதன் மின்வழங்கி கருகிற்று, மன்னாரில் அதே வானொலி திருத்துபவர் வேறொன்றைப் பொருத்தித் தந்தார். எம் மகன் வளர்ந்து பல்கலைக்கழகம் சென்றுவிட்டான். அவனும் அவன் அண்ணனும் கைப்பேசியிற் பேசிக்கொள்ளும்போது, ஒருவர் தமிழில் கேட்க மற்றவர் ஆங்கிலத்தில் விடையிறுப்பது இன்றும் வழக்கம். இருவருக்கும் அது குறையாகத் தோன்றுவதாய்த் தெரியவில்லை.

அன்னையாருக்கு எண்பது கடந்துவிட்டது. முன்பெல்லாம் தொலைபேசியில் அவர் தம் மூத்த மகனிடம் முதலிற் கேட்பது “சாப்பிட்டியோ?” என்பது. இப்பொழுது மார்கழி பிறந்தால் கேள்வி வேறு. எம்மூர் வயல்களில் பனி கால்களை நனைக்கும் அந்த விடியல்களில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்து, அவர் உரத்த குரலிற் கேட்கின்றார்: “வாசல் பனி அள்ளியாச்சோ? உப்புப் போட்டனியோ?”